அழகான ரத்தம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஊசியை எப்படிப் பிடிப்பது, குழாயை எத்தனை தடவை கவிழ்ப்பது, இயந்திரத்தை எப்போது கழுவுவது, இதையெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் தேவையில்லை. மலாக்கா மாநிலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர்களின் ரத்தத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். அந்தக் காலத்தில் ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன். இறந்துபோன ஒரு நல்ல மனிதரின் மானத்தைக் கப்பலேற்றியிருக்கிறேன். இரண்டையும் ஒரே ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு செய்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எந்த ஆய்வுக்கூடம், எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்த காலத்தின் கடைசிப் பகுதியில் நடந்தது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நாம் செய்யும் மூன்று மாதச் சோதனை உங்களுக்குத் தெரியும். விரலில் குத்திப் பார்க்கும் சோதனை அந்த நிமிடத்துச் சர்க்கரையைச் சொல்லும். அதை ஏமாற்றலாம். இரண்டு நாள் வயிற்றைக் காயப்போட்டு, பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு வந்தால் எண் இறங்கிவிடும். மூன்று மாதச் சோதனை அப்படி இல்லை. ரத்தச் சிவப்பணுவில் மூன்று மாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையை அது எண்ணுகிறது. டாக்டர்கள் அதைத்தான் நம்புவார்கள். நாங்களும் அதைத்தான் நம்பினோம்.

எங்கள் இயந்திரம் எண்ணோடு சேர்த்து ஒரு வரைபடமும் போடும். மேடு மேடாக இருக்கும். ஒரு நாள் காலையில் ஒரு வரைபடத்தில், இருக்கவே கூடாத இடத்தில் ஒரு மேடு நின்றது. சிலருக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பில் ஒரு சின்ன மாற்றம் இருக்கும். அவர்களுக்கு அதனால் தொல்லை கிடையாது. அப்பா அம்மா இரண்டு பேரிடமும் அது இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. எங்கள் தமிழர்களிடம் எப்போதாவது பார்க்கும் மேடுதான் அது. நான் பார்த்தேன், அட என்றேன், எண்ணைப் பார்த்தேன். ஐந்து புள்ளி மூன்று. மிக நல்ல எண். ஓரத்தில் இயந்திரம் ஒரு மஞ்சள் குறி போட்டிருந்தது, கவனி என்று. நல்ல எண்ணில் கவனிக்க என்ன இருக்கிறது? அனுப்பிவிட்டேன்.

நோயாளியின் பெயர் குணசேகரன். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுபவர்.

அதே குழாய்த் தொகுதியில் பத்துக் குழாய் தள்ளி இன்னொன்று. அதே மேடு, அதே உயரம். பெயர் பாக்கியம். எண் ஐந்து புள்ளி மூன்று. மூன்று மாதம் கழித்து இன்னும் இரண்டு பேர். அதற்கு அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு பேர். மொத்தம் ஆறு. ஆறும் ஒரே தோட்டம். எல்லாருக்கும் ஐந்து புள்ளி மூன்று, ஐந்து புள்ளி நான்கு.

உங்களில் புத்திசாலி யாராவது இருந்தால் இப்போதே சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே தோட்டத்தில் ஆறு பேரிடம் அரிய மேடு! பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களில் பரம்பரையாக ஓடும் ஒரு ரத்தத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எங்கள் பகுதித் தலைவி ஒரு சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். ஆறு வரைபடத்தையும் மேசைமேல் பரப்பிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். "அறிக்கையாக எழுதுங்கள்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

பள்ளிக்கூடங்களில் மாஜோங் தாள் என்று சொல்வோமே, அந்தப் பெரிய வெள்ளைத் தாளை வாங்கி வந்து வம்ச மரம் வரைந்தேன். ஆறு பேருக்கும் மேலே ஒரு கேள்விக்குறி. அதுதான் கப்பலேறி வந்த மூல முப்பாட்டன். அவருக்கு நான் மனசுக்குள் முகம்கூட வைத்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் அந்தத் தோட்டத்துப் பக்கத்தில் இருக்கும் சின்ன கிளினிக்கிலிருந்து டாக்டர் கூப்பிட்டார். இளம் வயது மலாய்க்காரப் பெண், அக்கறையான டாக்டர். அவர் சொன்ன செய்தியில் எனக்கு நாற்காலி ஆடியது. பாக்கியத்தின் மகளுக்கும் குணசேகரனின் மகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. இரண்டு குடும்பத்திலும் அந்த மேடு இருக்கிறது என்றால் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். பேரப்பிள்ளை விஷயம்.

"எனக்குத் தமிழ் வராது. இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் வரமுடியுமா?" என்று கேட்டார்.

ஆய்வுக்கூடத்துக்காரி ஆய்வுக்கூடத்தில்தான் இருக்க வேண்டும். நான் போனேன்.

கிளினிக்கில் பாக்கியத்தையும் குணசேகரனையும் தனித்தனி அறையில் வைத்துப் பேசியிருக்க வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. பாக்கியம் வந்தார், ஐம்பத்தைந்து வயது, கெட்டியான உடம்பு, ஒரு காலை லேசாக இழுத்து நடந்தார். பெருவிரலில் பிளாஸ்திரி. செருப்பு கடித்துவிட்டது என்றார். குணசேகரன் டிரைவர் சட்டையோடு வந்தார். கூடவே அவருடைய அக்கா வந்தார். அந்த அக்காவை உள்ளே விட்டது அன்றைய இரண்டாவது தவறு.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகப் பக்குவமாக, இப்படிக் கேட்டேன்: "ஒங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் ரத்த சம்பந்தம் உண்டா?"

பாக்கியம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"என்னாது?" என்றார் பாக்கியம்.

"இல்லம்மா, ரத்தத்துல பார்த்தா தெரியுது. ஒரே ரத்தம். ஒரே ஆள்கிட்டேருந்து வந்த மாதிரி அப்படியே இருக்கு. தாத்தா, அப்பா, இப்படி எங்கயாவது..."

"அப்பாவா?" என்றார் குணசேகரனின் அக்கா. குரல் ஏறியது. "எங்கப்பாவுக்கும் இந்தம்மா அம்மாவுக்கும் என்னா லா சம்பந்தம்? மிஸ்ஸி, யோசிச்சுப் பேசுங்க!"

தோட்டத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாரும் மிஸ்ஸிதான். அந்த மிஸ்ஸி யோசிக்கவில்லை. குணசேகரனும் பாக்கியமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. திகில் நிறைந்த பார்வை. ரகசியம் தெரிந்தவர்களின் பார்வை. ஆகா, குடும்ப ரகசியம் ஒன்று இருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். ரகசியம் இருந்தது உண்மைதான். நான் நினைத்தது அல்ல.

நான் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிச் சேர்வதற்குள் செய்தி தோட்டத்தைச் சுற்றி வந்துவிட்டது. 'கவர்மெண்டு மெஷின்லயே தெரிஞ்சிருச்சாம், ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாவாம்.' குணசேகரனின் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டி, கோயில் கமிட்டியில் இருந்து, நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகிவிட்டது. மாமன் மகன், அத்தை மகள் என்றால் சந்தோஷமாகக் கட்டிவைத்திருப்பார்கள். ஆனால் குணசேகரனும் பாக்கியமும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள் என்று ஆனால், அப்புறம் கோயில் கமிட்டிக்காரரின் பெயர் என்ன ஆவது? அக்கா கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினார்கள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் பாவம், தாங்களாகவே கிளினிக்குக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு பேரிடமும் மேடு இல்லை. பிறக்கும் பிள்ளைக்கு ஆபத்தில்லை. டாக்டர் மகிழ்ச்சியோடு சொல்லி அனுப்பினார். அக்காவிடமிருந்து பதில் வந்தது: "நோய் இல்லன்னா சரி. எங்கப்பா பேருல ஒட்டுனத யாரு தொடைக்கிறது?" அதற்குச் சோதனை எங்களிடம் இல்லை.

இரண்டு வாரம் கழித்துக் குணசேகரன் என்னைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மிஸ்ஸி, எங்கப்பா அப்படிப்பட்டவரு இல்ல."

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க."

"நீங்க சொல்லல. ஒங்க மெஷின் சொல்லிருச்சி. ஜனங்க மெஷினத்தான் நம்புறாங்க. எங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் இன்னொரு தடவ எடுங்க. எல்லாரும் பாக்க எடுங்க. அக்காவும் பக்கத்துல இருக்கட்டும்."

"ஏற்கெனவே எடுத்ததுதானே, மறுபடியும் அதேதான் வரும்."

"வராது மிஸ்ஸி" என்றார். காரணம் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்.

மறுநாள் கிளினிக்கில் அவரும் பாக்கியமும் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நீதிபதி மாதிரி நின்றார். நானே ரத்தம் எடுத்தேன், நானே குழாயில் பெயர் ஒட்டினேன், நானே காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இயந்திரத்தில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

இரண்டிலும் மேடு இல்லை. வழுவழுவென்று, புத்தகத்தில் போட்ட படம் மாதிரி, சுத்தமான வரைபடம். எண்கள்தான் சுத்தமாக இல்லை. குணசேகரனுக்குப் பதினொன்று புள்ளி இரண்டு. பாக்கியத்துக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு.

பிறவி ரத்தம் சில மாதத்தில் மாறாது. அப்படியென்றால் நான் குழாய்களை மாற்றிவிட்டேன். ஒரு தடவை அல்ல, ஆறு தடவை. யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஆறு பேருக்குப் பங்கு போட்டிருக்கிறேன். முப்பது வருட வேலையும் கண் முன்னால் கழிவறைத் தண்ணீர் மாதிரி இறங்கிப் போனது. அதைவிட மோசமான ஒன்று மெதுவாகப் புரிந்தது. இந்த நல்ல எண்களை நம்பித்தான் டாக்டர் இரண்டு பேருக்கும் மாத்திரையைக் குறைத்திருக்கிறார். அந்தப் பிளாஸ்திரி போட்ட பெருவிரலைச் செருப்புக்கடி என்று நம்பியதும் இந்த எண்ணை வைத்துத்தான்.

உடனே டாக்டருக்குப் போன் செய்து இரண்டு எண்களையும் சொன்னேன். பாக்கியத்தை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பிறகு பழைய குழாய்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ரத்தம் எடுத்த தாதியைக் கூப்பிட்டேன். கிளினிக்கில் கூட்டம் சேரக் கூடாது என்று அந்தக் காலத்தில் தோட்டத்து மண்டபத்துக்கே போய் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மேசை, இரண்டு தாதி, பெயரைக் கூப்பிட்டால் வந்து உட்காருவார்கள். போனை எடுத்தது புதிதாகச் சேர்ந்த மலாய்க்காரப் பெண். பேச்சு முழுக்க மலாயில்தான் நடந்தது.

"பாக்கியம் என்று ஒருவருக்கு நீங்கள்தான் ரத்தம் எடுத்தீர்களா? ஞாபகம் இருக்கிறதா?"

"பாக்கியமா? நன்றாக ஞாபகம் இருக்கிறது, அக்கா. கலகலப்பானவர். பெரிய மீசை வைத்திருப்பாரே, அவர்தானே?"

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன். மறுபடியும் காதில் வைத்தேன்.

"மீசையா?"

"ஆமாம். முகக்கவசத்துக்கு இரண்டு பக்கமும் வெளியே வந்து நிற்கும். அதனால்தான் ஞாபகம். ஒரு கையில் ஏற்கெனவே பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்து மேசையில் நரம்பு சிக்கவில்லையாம், அதனால் இந்தக் கையைக் கொடுத்தார்."

குழாயில் ஒட்டிய தாளில் பாக்கியம் என்ற பெயருக்கும் அவருடைய அப்பா பெயருக்கும் நடுவில் 'அனாக் பெரம்புவான்', அதாவது மகள், என்று எழுத்துக்கு எழுத்து அச்சாகியிருந்தது. அந்தத் தாளை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். நான் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் மீசை தானாகவே வந்தது.

பெயர் மாரிமுத்து. அறுபது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல்காரர். சீருடையோடு வந்து, ஆய்வுக்கூடக் கதவுக்கு வெளியே, இரண்டு கையையும் மடக்காமல் நீட்டிக்கொண்டு நின்றார். போலீசில் சரணடைபவர் விலங்குக்கு நீட்டுவதுபோல்.

"மிஸ்ஸி, எல்லாம் என் ரத்தந்தான். புள்ளைங்க கல்யாணம் நின்னுருச்சின்னதும் எனக்குத் தாங்கல. குணா அப்பா சாமி மாதிரி மனுசன். என்னைய என்னா செய்யணுமோ செய்யுங்க."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கதையைச் சொன்னார். முதல் தடவை தற்செயலாக நடந்ததாம். குணசேகரனுக்கு அன்றைக்கு ஷிப்ட். பெயரைக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றால் மறுபடியும் தேதி வாங்க வேண்டும். மாரிமுத்து சும்மா வேடிக்கை பார்க்கப் போனவர், நண்பனின் அட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டிவிட்டார். முடிவு ஐந்து புள்ளி மூன்று என்று வந்தது. குணசேகரனுக்கு அடுத்த தடவை இன்சுலின் ஊசி ஆரம்பிப்போம் என்று சொல்லியிருந்தார்கள். ஊசி போட்டால் பஸ் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் அவருக்கு. இந்த எண்ணைப் பார்த்ததும் டாக்டர் பாராட்டி அனுப்பிவிட்டார்.

ரத்தம் எடுத்த அதே நாளில், மண்டபத்திலேயே பாக்கியமும் வந்து அழுதிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்கு ஊசி ஆரம்பித்த வருடம்தான் காலை எடுத்தார்களாம். ஊசிதான் காலைத் தின்கிறது என்பது அவர் கணக்கு. "அண்ணே, எனக்கும் ஒரு குழாய் குடுங்கண்ணே" என்று கேட்டால் மனுஷன் எப்படி மறுப்பார்? இடது கை குணசேகரன் ஆனது. வலது கை பாக்கியம் ஆனது.

"பொம்பள பேருக்கு எப்படிங்க கைய நீட்டுனீங்க?"

"அந்தப் புள்ள கூப்பிட்டிச்சி, நான் 'சாயா' ன்னேன். மலாய்ல ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நான்னா சாயாதான மிஸ்ஸி?"

உண்மைதானே?

"இதுக்கு ஒங்களுக்கு என்ன கிடைச்சது?"

"என்னா கெடச்சிச்சி? ஒண்ணுங் கெடைக்கல. இருந்ததும் போச்சி." அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "தோட்டத்துல ஒரு விசேசத்துல நிம்மதியா சாப்பிட முடியல. பாயசத்துல கைய வெச்சா ஆறு வீட்டு ஆளுங்களும் ஓடி வந்து புடுங்குறாங்க. 'அண்ணே, அடுத்த மாசம் எங்களுக்கு டெஸ்ட்டு, மறந்துறாதீங்க.' தேத்தண்ணிக் கடையில நான் கேக்கறதுக்கு முன்னாடியே சீனி இல்லாம கலக்கி வெச்சிடுறான். தீபாவளிக்கு எனக்கு முறுக்கு மட்டுந்தான். நெய் உருண்டைய ஒளிச்சி வெச்சிட்டாங்க மிஸ்ஸி, என் கண்ணு முன்னாடியே."

"அப்ப இனிப்பே சாப்பிடறதில்லையா?"

அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வேல முடிஞ்சி மோட்டர்ல கிளேபாங் பீச்சுக்குப் போயிருவேன். அங்க யாருக்கும் என்னையத் தெரியாது. ஐஸ்கிரீம் போட்டு கோக்கனட் ஷேக் குடுப்பான். ரெண்டு கப்பு. சில நாள்ல மூணு."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"மழ பெஞ்சா போறதில்ல."

தோட்டத்தில் ஆறு குடும்பம் பாதுகாக்கும் ரத்தம், கடற்கரை ரோட்டில் தினமும் ஐஸ்கிரீமில் குளித்துக்கொண்டிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, வெறும் பேச்சுக்குத்தான், அவர் விரலில் ஒரு குத்து குத்திக் குளுக்கோஸ் கருவியில் வைத்தேன்.

பதினேழு புள்ளி எட்டு. பதினொன்றைத் தாண்டினாலே இனிப்பு நீர்.

இரண்டு பேரும் கருவியைப் பார்த்தோம். "மெஷினு கெட்டுப் போச்சா மிஸ்ஸி?" என்றார்.

வேறு விரல், வேறு கருவி. பதினெட்டு புள்ளி ஒன்று. மாரிமுத்து எங்கள் இரண்டு கருவிக்காகவும் வருத்தப்பட்டார். கவர்மெண்டு வாங்கிக் கொடுப்பதே இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் தலையில் இடி இறங்கியது. பிறவி மேடு உள்ள ரத்தத்தில் எங்கள் இயந்திரம் சர்க்கரையைச் சரியாக எண்ணாது. குறைத்துக் காட்டும். அதற்குத்தான் அந்த மஞ்சள் குறி. இப்படிப்பட்ட ரத்தத்தில் இந்த எண்ணை நம்பாதே, வேறு முறையில் பார் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன். பரீட்சையும் எழுதித் தேறியிருக்கிறேன். நல்ல ரத்தம், நல்ல ரத்தம் என்று ஆறு பேர் கடன் வாங்கிய ரத்தம் இனிப்பு நீர் முற்றிய ரத்தம்.

"அண்ணே, ஒங்க ரத்தம் நல்ல ரத்தம்னு யாரு முதல்ல சொன்னது?"

"கோயில்ல இலவசமா சோதன பண்ண வந்தாங்க, ஒரு வருசத்துக்கு முந்தி. தாள் வந்திச்சி. அஞ்சு புள்ளி மூணு. அங்க இருந்த மிஸ்ஸி 'டாரா சந்தேக்' ன்னு சொன்னிச்சி. அழகான ரத்தம்னு அர்த்தம். எனக்கு எங்கம்மாகூட அழகுன்னு சொன்னதில்ல. தாள லேமினேட் போட்டு வெச்சிருக்கேன்."

அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கணினியில் தேடினேன். இருந்தது. குணசேகரனுக்கும் முன்னால், வேறு யாருக்கும் முன்னால், மாரிமுத்துவின் சொந்தப் பெயரிலேயே அந்த மேடு நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் குறியும் இருந்தது. கீழே, சரிபார்த்து வெளியிட்டவர் என்ற இடத்தில் என் பெயரின் எழுத்துகள். அந்த வரைபடத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு கட்டுக் குழாய்களுக்கு நடுவில், நல்ல எண் என்று தட்டிவிட்டிருக்கிறேன். அழகான ரத்தத்தை அவருக்குக் கொடுத்தது கோயிலில் இருந்த மிஸ்ஸி அல்ல. நான்.

இதை எப்படிச் சொல்வது? வேலையில் கஷ்டமான நேரம் எது என்று என்னைக் கேட்பீர்கள். இயந்திரம் நின்றுபோன நாட்களைச் சொல்லமாட்டேன். இந்த இடத்தைத்தான் சொல்வேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அண்ணே, அந்தத் தாள் தப்பு. ஒங்களுக்கு இனிப்பு நீர் இருக்கு. அப்பவே இருந்திருக்கும். கவனிக்காம விட்டது நான்தான்."

மாரிமுத்து மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். தனக்கு நோய் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப நான் அவங்களுக்குக் கெட்ட ரத்தத்தையா குடுத்துட்டேன்?" என்றார்.

தட்டு நிறையச் சோறு போட்டுவிட்டு அது ஊசிப்போனது என்று பிறகு தெரிந்தவரின் முகம் அது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மற்ற நான்கு பேரையும் அந்த வாரமே கூப்பிட்டு ரத்தம் எடுத்தோம். அடையாள அட்டையைப் பார்த்து, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, முகத்தைப் பார்த்து. யாருடைய எண்ணும் நல்லதாக இல்லை. பாக்கியத்துக்குக் காலில் ஒரு விரல் போனது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கோபப்பட்டுத் திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர், "ஒரு விரலோட போச்சே மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வரைக்கும் போச்சி" என்று எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஊசியை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். குணசேகரன் பஸ்ஸை விட்டுவிட்டு அதே தொழிற்சாலையில் ஸ்டோர் வேலைக்கு மாறினார். கல்யாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். குணசேகரன் 'வாங்க' என்றதோடு சரி. அவருடைய அக்கா அதைக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு மனிதரின் அப்பாவைப் பற்றி நான் பேசியிருக்கக் கூடாது.

பகுதித் தலைவிக்கு நானே அறிக்கை எழுதினேன். ஆள் மாறியதை மட்டும் எழுதினால் போதும், முதல் வரைபடத்தை யாரும் தேடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு முதல் வரியிலேயே என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். கண்டுபிடிப்பு அறிக்கையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. என் அறையிலிருந்த வம்ச மரத்தைச் சுருட்டி நானே குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் குறி விழுந்த எந்த எண்ணும், எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும், இரண்டு பேர் பார்க்காமல் வெளியே போகாது. இப்போது நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறீர்களே, அந்தச் சட்டம்தான்.

கெட்ட எண் வந்தால் நாம் எல்லாரும் கவனமாகிவிடுகிறோம். மறுபடி போட்டுப் பார்க்கிறோம், போன் செய்கிறோம், கேள்வி கேட்கிறோம். நல்ல எண்ணை யாரும் நிறுத்தி, நீ யார் என்று கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து இந்த வேலையில் ஆளைக் கொல்லக் கூடியது அதுதான். அப்புறம் இன்னொன்று. விசித்திரமான ஒன்றைப் பார்த்தால் முதலில் நம்முடைய புகழை நினைக்காதீர்கள். எளிய காரணம் ஏதாவது மீசையோடு எங்காவது நின்றுகொண்டிருக்கும்.

மாரிமுத்துவைக் கடைசியாக அந்தச் சின்ன கிளினிக்கில்தான் பார்த்தேன். அந்த மேட்டைப் பற்றித் தாதிகளுக்கு விளக்கம் சொல்ல டாக்டர் என்னை அழைத்திருந்தார். அன்றைக்கு இனிப்பு நீர் நோயாளிகளின் நாள். நீள பெஞ்சில் தோட்டத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் புது அட்டையோடு மாரிமுத்துவும் இருந்தார், பக்கத்தில் பாக்கியம்.

தாதி வெளியே வந்து, "மாரிமுத்து!" என்று கூப்பிட்டாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"மாரிமுத்து! மாரிமுத்து இருக்கிறாரா?"

அவர் நிம்மதியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பெயருக்கெல்லாம் துள்ளி எழுந்து பழகிய மனுஷன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பாக்கியம் முழங்கையால் அவர் விலாவில் இடித்தார்.

"எந்திரிங்கண்ணே. இந்தத் தடவ நீங்கதான்."